கேத்திச் சரிவில் சாய்வெயில்: ஒரே காட்சி, மூன்று தாள்கள்

ஜனவரி மாதம், மாலை ஐந்தே கால் மணி. ஊட்டி–குன்னூர் சாலையிலிருந்து பார்த்தால் கேத்தி பள்ளத்தாக்கின் தேயிலைச் சரிவெல்லாம் தங்கமாக இருக்கும். ஸ்பாட் பெயின்டிங், அதாவது நேரில் உட்கார்ந்து வரையப் போகிறவர்கள் பேலட்டில் உள்ள மஞ்சளையெல்லாம் கரைத்துப் பூசுவார்கள். வீட்டுக்கு வந்து விளக்கடியில் விரித்துப் பார்த்தால் தாளில் மஞ்சள் இருக்கும், வெயில் இருக்காது.

இந்த ஆய்வு அந்தக் கோளாறைப் பற்றியது. ஜனவரி நடுவில், மேகமில்லாத மூன்று மாலைகளில், ஒரே இடத்திலிருந்து ஒரே காட்சி மூன்று தாள்களில் வாட்டர்கலரில் வரையப்பட்டது. மூன்றும் கால் ஷீட், 28×38 செ.மீ., சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாள், கோல்ட் பிரஸ் என்னும் சற்றே சொரசொரப்பான வகை. முதல் இரண்டு தாள்களும் தோற்றன, மூன்றாவது நின்றது. மூன்றாவதில் மஞ்சள் கூடவில்லை, உண்மையில் குறைந்தது. நிழலும் நிலத்தின் சாய்வும் சரியான இடத்தில் விழுந்ததுதான் அதைக் காப்பாற்றியது.

காட்சியும் நேரமும்

சாலையோரம் தெற்கு பார்த்து நின்றால் முன்னால் தேயிலைச் செடிகள், இடையிடையே சில்வர் ஓக் மரங்கள். நடுவில் ஒரு ஹட்டி, அதாவது படுகர் ஊர்: வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள், வெள்ளையும் நீலமும் ரோஸுமாகச் சுண்ணாம்பு அடித்த சுவர்கள். அதற்குக் கீழே கேரட்டும் பூண்டும் போட்ட படிநிலங்கள். எதிர்ச் சரிவின் மடிப்பில் ஒரு துண்டு சோலைக்காடு, அதற்குப் பின்னால் அடுக்கடுக்காக முகடுகள்.

அந்த நாட்களில் சூரியன் நேர் மேற்கில் இறங்குவதில்லை. சுமார் 21 டிகிரி தெற்கே தள்ளி இறங்கும். தெற்கு பார்த்து நிற்பவருக்கு வெயில் வலப்பக்கமிருந்து, கொஞ்சம் எதிர்முகமாகவும் வருகிறது. சாய்வெயில் வரைய இதைவிட நல்ல திசை கிடைக்காது. எல்லா நிழலும் தாளின் குறுக்கே படுக்கும்.

காலண்டர்படி ஊட்டியில் அப்போது அஸ்தமனம் 6.20-ஐ ஒட்டி வரும். அந்த நேரத்தை நம்பிப் போனால் ஏமாற்றம்தான். அது தடையில்லாத அடிவானத்துக்கான கணக்கு. மலையில் எதிரே நிற்கும் முகடுதான் அடிவானம். வரைந்த இடத்திலிருந்து மேற்கு முகடு கண்மட்டத்துக்கு மேல் 7 டிகிரி உயரத்தில் இருந்தது. சூரியன் 5.10-க்கு 15 டிகிரியில் நிற்கும், 5.30-க்கு 10, 5.45-க்கு 7. அங்கே வெயில் கத்தரித்தாற்போல் அறுந்துவிடும். ஆக, கையில் கிடைப்பது 35 நிமிடம்.

இங்கே சூரியன் விழும் வேகமும் அதிகம். ஊட்டி 11.4 டிகிரி அட்சரேகையில் இருப்பதால், ஜனவரி மாலையில் சூரியன் மணிக்குச் சுமார் 13 டிகிரி இறங்குகிறது. அதே பருவத்தில் லண்டனில் 7 டிகிரிதான். ஐரோப்பிய ஓவியப் பயிற்சி முறைகள் பொன்வெயிலுக்கு ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் என்று தாராளமாக ஒதுக்குவது அந்த ஊர்ச் சூரியனை வைத்து. அந்தக் கணக்கு இந்த மலைக்குப் பொருந்தாது.

சூரியனை நேராகப் பார்த்து உயரம் அளக்க வேண்டாம், கண்ணுக்குக் கேடு. 15 செ.மீ. பென்சிலை மட்டமான பலகையில் செங்குத்தாக நிறுத்தி நிழலை அளந்தால் போதும். நிழல் 41 செ.மீ. என்றால் சூரியன் 20 டிகிரியில் இருக்கிறது. 56 என்றால் 15 டிகிரி, 85 என்றால் 10. நிழல் 56 செ.மீ. தொடும்போது தண்ணீரும் கலவையும் கைக்கெட்டும் இடத்தில் தயாராக இருக்க வேண்டும்.

இன்னொன்றும் இந்த இடத்தோடு சேர்ந்தது: வெயிலின் நிறம். சூரியன் தாழத் தாழ ஒளி கடக்கும் காற்றின் தடிமன் கூடுகிறது. தலைக்கு மேல் இருக்கும்போது ஒரு பங்கு என்றால் 10 டிகிரியில் ஐந்தரைப் பங்கு, அடிவானத்தில் 38 பங்கை ஒட்டி. சிவப்பைவிட நீலம் நாலு மடங்குக்கு மேல் சிதறுவதால், வழியிலேயே நீலம் கழிந்து மிச்சம் மஞ்சளாக, பிறகு செம்மஞ்சளாக, கடைசியில் சிவப்பாக வருகிறது. கேத்தியில் அந்தக் கடைசிக் கட்டம் வருவதே இல்லை. 7 டிகிரியில் முகடு மறைத்துவிடுகிறது. போதாததற்கு, 2,200 மீட்டர் உயரத்தில் காற்றே சமவெளியில் இருப்பதில் முக்கால் பங்கை ஒட்டித்தான் இருக்கிறது, தூசும் குறைவு. பழனி மலையிலும் இதே நிலைதான். கொடைக்கானலில் 1899-இல் சூரிய ஆய்வகம் அமைத்தது அந்த உயரத்தின் தெளிந்த காற்றுக்காக. வானியலாருக்கு வசதியான அந்தத் தெளிவுதான் ஓவியரை ஏமாற்றுகிறது. கன்னியாகுமரிக் கடற்கரையின் செவ்வெயிலை மனத்தில் வைத்துக்கொண்டு மலையில் தூரிகை எடுக்கக் கூடாது. இங்கே வெயில் வெளிர்பொன் நிறம், அதற்கு மேல் போகாது.

திணை இலக்கணம் குறிஞ்சிக்கு யாமத்தையும் நெய்தலுக்கு எற்பாட்டையும் சிறுபொழுதாகத் தந்திருக்கிறது. எற்பாடு என்பதற்கு எல் படும் பொழுது, சூரியன் விழும் நேரம் என்று பொதுவாகப் பொருள் கொள்வார்கள். காட்சியாகப் பார்த்தாலும் அது பொருத்தமே. கடலோரத்தில் எல் கடைசிவரை விழுவதைப் பார்க்கலாம், மலையில் பாதியிலேயே முகடு வாங்கிக்கொள்ளும்.

முதல் தாள்: மஞ்சள் கண்ணாடி

முதல் மாலையில் தாள் முழுவதையும் நனைத்து, லெமன் யெல்லோவோடு கேட்மியம் ஆரஞ்சு கலந்து ஒரே வாஷாக, அதாவது நீர்த்த வண்ணப் பூச்சாக, வானத்திலிருந்து முன்புறம் வரை இழுத்தாயிற்று. காய்ந்த பிறகு அதன் மேல் பச்சைகள், கடைசியில் நிழல்கள். செடி, வீடு, முகடு எல்லாம் சரியாகவே அமைந்தன. ஆனால் படம் மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்த்ததுபோல் ஆகிவிட்டது.

காரணம் ஒன்றல்ல. முதலாவது, நிழலுக்கு அடியிலும் அதே சூடான வாஷ் கிடந்தது. வெயில் படாத இடத்துக்கு ஒளி தருவது வானம். ஒளியின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள், எண் கூடக் கூட நீலம். தெளிந்த நாளில் அந்த வானொளி 10,000 கெல்வினுக்கு மேல், நல்ல நீலம். அஸ்தமனத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு வெயில் 3,500 கெல்வினை ஒட்டி இருக்கும். பக்கத்தில் குளிர்ச்சி இருந்தால்தான் கண் சூட்டை உணரும். எல்லா இடமும் சூடாக இருந்தால் கண் அதையே வெள்ளை என்று எடுத்துக்கொண்டு பழகிவிடும்.

இரண்டாவது காரணம் டோன், அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையிலான படி. தாளின் வெண்மையை 1 என்றும் கடுங்கறுப்பை 10 என்றும் வைத்துக்கொண்டால், முதல் தாளில் வெயில் பட்ட சரிவு 2, நிழல் 4. இரண்டே படி வித்தியாசம். வெயில் என்றால் வெளிச்சம், வெளிச்சம் என்றால் வெளிறியது என்ற பழக்கம் கையை இழுத்துவிடுகிறது. எலுமிச்சை மஞ்சள் 2-ஆம் டோனிலும் பளிச்சென்று நிற்கும். பொன்னும் ஆரஞ்சும் அப்படி இல்லை. தண்ணீர் கூடினால் வெறும் சதைநிறம் ஆகிவிடும். அவை முழு வீச்சில் நிற்பது நடு டோனை நெருங்கும்போது. ஆகவே வெயில் பட்ட சரிவு சூடாகத் தெரிய வேண்டுமென்றால் அதை 3, 4 வரை இறக்கத் துணிய வேண்டும். 1-உம் 2-உம் வானத்துக்கும் ஓரிரு சுவருக்கும் மட்டும்.

17-ஆம் நூற்றாண்டில் சூரியனையே படத்துக்குள் வைத்து வரைந்தவர் பிரெஞ்சு ஓவியர் க்ளோட் லொரேன். அவருடைய துறைமுகக் காட்சிகளைக் கறுப்பு வெள்ளையில் பார்த்தால் இது புரியும். வானத்தில் ஒரு சிறு பகுதிதான் உச்ச வெளிச்சம். கட்டடம், கப்பல், கரை எல்லாம் நடு டோனிலும் கீழேயும். ஒளி வருவதற்கு இடம் விட்டு மற்றதையெல்லாம் இறக்கியிருக்கிறார்.

மூன்றாவது, லெமன் யெல்லோ தேர்வே தவறு. அது பச்சை சாய்ந்த மஞ்சள். தேயிலைப் பச்சையோடு சேர்ந்ததும் நாற்றங்கால் நிறம் வந்துவிட்டது.

நான்காவதைப் பலரும் கவனிப்பதில்லை. தாள் நேர் வெயிலில் இருந்தது. பளீரென்ற வெயிலில் எல்லா வண்ணமும் உள்ளதைவிட வெளிறித் தெரியும். அதற்கு ஈடுகட்டக் கை எல்லாவற்றையும் ஒரே சீராக அடர்த்தியாக்கியது, வேறுபாடு மட்டும் கூடவில்லை. வீட்டுக்குள் வந்ததும் படம் மங்கிவிட்டது.

இரண்டாம் தாள்: நிலா வெளிச்சம்

முதல் தாளின் தவறுகளுக்குப் பயந்து இரண்டாவதில் எதிர்ப்பக்கம் சாய்ந்தாயிற்று. நிழலெல்லாம் தனி அல்ட்ராமரைன் நீலம். இந்த முறை இருக்கை ஒரு சைப்ரஸ் மரத்தடி. வெயில் இல்லை, ஆனால் நீலவானம் தாளில் நேராக விழுகிறது. நீல ஒளியில் உட்கார்ந்து கலந்தால் சூடான வண்ணங்கள் மந்தமாகத் தெரியும். செம்பழுப்பான பர்ன்ட் சியன்னாவைக் கூட்டிக் கூட்டிப் பூச, வெயில் பட்ட சுவர்கள் செங்கல் நிறமாயின. நிழல் மை நீலம், சுவர் செங்கல், நடுவே எதுவும் இல்லை.

வெயில் அறுந்த பிறகு மிச்ச வேலை போனில் எடுத்த படத்தைப் பார்த்து முடிக்கப்பட்டது. அங்கே இன்னொரு சறுக்கல். போனில் நிறத்தைத் தானாகச் சரிக்கட்டும் ஒயிட் பேலன்ஸ் மாலையின் பொன்னிறத்தைக் குறையென்று எண்ணித் திருத்திவிடுகிறது. எச்.டி.ஆர். என்னும் வசதி நிழலைத் தூக்கி வெளிச்சத்தை அமுக்கிவிடுகிறது. நமக்கு வேண்டிய இரண்டையுமே, அதாவது நிறச் சூட்டையும் டோன் இடைவெளியையும், அது அழித்துக் கொடுக்கிறது. போனில் எடுத்தே ஆக வேண்டுமென்றால் புரோ முறையில் ஒயிட் பேலன்ஸை 5,500 கெல்வினில் பூட்டி, எச்.டி.ஆரை அணைத்து, வெயில் பட்ட சரிவைத் தொட்டு அளவு வாங்க வேண்டும். அந்தப் படத்தையும் நிழல்களின் வடிவத்துக்கு மட்டும் நம்பலாம்.

இதற்கு மேல் தண்ணீரும் கைவிட்டது. மாலை ஐந்தரைக்குப் பிறகு மரத்தடியில் குளிர் விறுவிறுவென்று இறங்கும். ஐந்து மணிக்குப் பத்து நிமிடத்தில் காய்ந்த வாஷ் இப்போது இருபது நிமிடமாகியும் காயவில்லை. மேலே பளபளப்புப் போனதும் காய்ந்துவிட்டதென்று நினைத்து நிழலை இழுத்ததில் ஓரங்கள் காலிஃப்ளவர்போல் பூத்துவிட்டன. அரை ஈரத் தாளில் அதிகத் தண்ணீருள்ள தூரிகையை வைத்தால் புதுத் தண்ணீர் பழைய நிறத்துகளைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் சேர்க்கும், பூ விழும். இதற்குச் சோதனை எளிது. புறங்கையைத் தாளின் மேல் லேசாக வைத்தால், சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம். அறைச் சூட்டில் இருந்தால்தான் அடுத்த வாஷ்.

முடிவில் இரண்டாம் தாளைப் பார்த்தவர்களுக்கு நிலாக்காலம்போல் தெரிந்தது.

நிலம் எப்படிச் சாய்ந்திருக்கிறது

இரண்டு தாளிலும் பொதுவாக ஒரு தவறு இருந்தது. அதுதான் அடிப்படைத் தவறு என்பது எங்கள் முடிவு. வெயிலை ஒரு நிறமாக மட்டும் பார்த்து, அது எந்தப் பரப்பில் எவ்வளவு விழுகிறது என்று பார்க்கவில்லை.

சூரியன் 10 டிகிரியில் இருக்கும்போது மட்டமான தரைக்குக் கிடைப்பது நேர்வெயிலில் ஆறில் ஒரு பங்கு, 17 சதவீதம். சூரியனைப் பார்த்து 30 டிகிரி சாய்ந்த தேயிலைச் சரிவுக்குக் கிடைப்பது 64 சதவீதம், மட்டத் தரையைப்போல் கிட்டத்தட்ட நாலு மடங்கு. சூரியனைப் பார்த்து நிற்கும் வீட்டுச் சுவருக்கு 98 சதவீதம். உச்சிவெயிலில் இந்த வரிசை தலைகீழ்: தரையும் கூரையும் பளீர், சுவர் மங்கல். பகலில் பார்த்துப் பழகிய வரிசையை மாலைக்கும் போட்டதால்தான் முதல் இரண்டு தாள்களிலும் கூரை வெளுத்து, சுவர் மங்கி, நேரம் மதியம் இரண்டு மணி ஆகியிருந்தது. நிறம் மாலையைச் சொல்ல, டோன் மதியத்தைச் சொன்னது.

இதே சங்கதியை டச்சு ஓவியர் ஆல்பெர்ட் கைப்பின் படங்களில் வேறு உருவில் பார்க்கலாம். அவர் ஊர் டோர்ட்ரெக்ட், தட்டையான நிலம். தாழ்ந்த வெயிலைத் தாங்கிப்பிடிக்க அங்கே சரிவே கிடையாது. அவருடைய படங்களில் பொன்வெயிலை ஏந்துவது மாடுகளின் விலாவும் மேய்ப்பவர்களின் உடையும். நிற்கிற பொருள் எதுவோ அதில்தான் வெயில் தங்கும். நம் மலையில் அந்த வேலையைச் சரிவுகளே செய்கின்றன.

படிநிலங்களைக் கிட்டத்தில் பார்த்தால் இது இன்னும் தெளிவு. ஒவ்வொரு படியிலும் மட்டமான பாத்தி ஒன்று, அதைத் தாங்கும் செங்குத்தான மண்சுவர் ஒன்று. மேற்கு பார்த்த படிகளில் மண்சுவர் பொன்னாக எரியும், மேலே உள்ள பாத்தி மங்கிய பச்சையாக இருக்கும். கிழக்கு பார்த்த படிகளில் மண்சுவர் நீல நிழல், பாத்தியில் மட்டும் மெல்லிய வெயில். ஒரே தோட்டம், மடிப்புக்கு இந்தப் பக்கம் பொன்வரி, அந்தப் பக்கம் நீலவரி. இந்த வரிகளைச் சரியாகப் போட்டால், வேறு எதுவும் சொல்லாமலே சூரியன் எங்கே இருக்கிறதென்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும்.

தேயிலையின் குணம் வேறு. முற்றிய இலையின் மேல்பக்கம் வழுவழுப்பானது. அதில் வானம் பிரதிபலித்துச் சாம்பல் நீலமாகப் பளிச்சிடும். கொழுந்து மெல்லியது, எதிர்வெயில் அதை ஊடுருவி வரும்போது மஞ்சள்பச்சையாக விளக்கேற்றினாற்போல் தெரியும். ஆகவே முன்புறத்துச் செடியின் தலையில் இரண்டும் பக்கம்பக்கமாக இருக்கும்: கொழுந்துகள் சூடு, முற்றிய இலைகள் குளிர்ச்சி. இரண்டுக்கும் ஒரே பச்சையைப் பூசினால் செடி பிளாஸ்டிக் ஆகிவிடும்.

மூன்றாம் தாள்

இப்போது உட்கார்ந்தது கறுப்புக் குடையின் அடியில். தாளும் பேலட்டும் ஒரே நிழலில், வானம் நேராகத் தாளில் விழாதபடி குடை சாய்க்கப்பட்டது. வண்ணக் குடை கூடவே கூடாது, அதன் நிறம் தாளில் இறங்கும். வண்ணங்கள் ஆறு: ரா சியன்னா (மண்மஞ்சள்), நியூ கேம்போஜ் (சூடான மஞ்சள்), பர்ன்ட் சியன்னா, குயினாக்ரிடோன் ரோஸ், கோபால்ட் புளூ, அல்ட்ராமரைன். கேட்மியம் ஆரஞ்சும் லெமன் யெல்லோவும் பெட்டியை விட்டுப் போயின.

4.15-க்கு 2பி பென்சிலால் கோடு. முகடு, வீடுகள், மரங்களின் இடம், படிநிலங்களின் வளைவு. நிழல்களை இன்னும் வரையவில்லை.

4.35-க்கு முதல் வாஷ். வானத்துக்கு மேலே நீர்த்த கோபால்ட், கீழே முகட்டை ஒட்டி மிக மெல்லிய ரா சியன்னா. இரண்டும் நேராகச் சந்தித்தால் வானம் பச்சையாகும். நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு ரோஸ் கலந்த தண்ணீர் வைத்தால் அந்தப் பச்சை வராது. வெயில் படப்போகும் பரப்புகளுக்கு மட்டும் பட்டாணி அளவு ரா சியன்னா, அரிசி அளவு ரோஸ், இரண்டு டீஸ்பூன் தண்ணீர். நிழலாகப்போகும் இடங்கள் வெள்ளையாகவே விடப்பட்டன. முதல் தாளுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இந்த ஒரு செயல்.

தாள் காய்ந்துகொண்டிருக்கும்போதே நிழல் கலவையைத் தயாரித்தாயிற்று: அல்ட்ராமரைன் இரண்டு பட்டாணி, ரோஸ் அரைப் பட்டாணி, பர்ன்ட் சியன்னா கால் பட்டாணி, தண்ணீர் மூன்று டீஸ்பூன். அளவு தாராளமாக இருக்க வேண்டும். நடுவில் தீர்ந்துபோய் மறுபடி கலந்தால் அதே நிறம் வராது, இடையில் கோடும் விழும். காய்ந்த பிறகு டோன் 6 நிற்க வேண்டும். வாட்டர்கலர் காய்ந்ததும் ஒரு படி வெளிறுமென்பதால் ஈரத்தில் 7-ஆகத் தெரியும்படி கலந்து, ஒரு துண்டுத் தாளில் காயவைத்துச் சரிபார்க்கப்பட்டது.

5.15-லிருந்து 5.35 வரை நிழல். ஒரு முடிவை முன்கூட்டியே எடுத்தாக வேண்டியிருந்தது: எந்த நிமிடத்து நிழல்? 12 மீட்டர் சில்வர் ஓக் மரத்தின் நிழல் மட்டத் தரையில் 5.10-க்கு 45 மீட்டர், 5.30-க்கு 68 மீட்டர். நிமிடத்துக்கு ஒரு மீட்டருக்கு மேல் ஓடுகிறது. துரத்தினால் தாளில் மூன்று வேறு நேரங்களின் நிழல் கிடக்கும். 5.15-க்கு இரண்டு நிமிடத்தில் நிழல்களின் எல்லை பென்சிலால் குறிக்கப்பட்டது. அதற்குப் பிறகு மலையில் எது நகர்ந்தாலும் தாளில் நகரவில்லை. பிரெஞ்சு ஓவியர் மோனே 1890–91-இல் வைக்கோல் போர்களை வரைந்தபோது பல கேன்வாஸ்களை உடன் வைத்துக்கொண்டு, வெளிச்சம் மாற மாறக் கேன்வாஸை மாற்றியதும் இந்தச் சிக்கலுக்குத்தான். நம்மிடம் 35 நிமிடம்தான் என்பதால் மாலைக்கு ஒரு தாள் போதும். மறுநாள் அதே வெளிச்சத்துக்குத் திரும்பலாம். ஜனவரி நடுவில் பத்து நாளில் அஸ்தமனம் ஐந்து நிமிடம்தான் தள்ளிப்போகிறது.

நிழல் தனித்தனித் துண்டுகளாக இல்லாமல், முன்புற மரத்தடியிலிருந்து பள்ளத்தாக்கின் அடிவரை இணைந்த ஒரே உருவமாகத் தட்டைத் தூரிகையால் இழுக்கப்பட்டது. ஈரமாக இருக்கும்போதே உள்ளே மாற்றங்கள்: வானத்தைப் பார்த்த பரப்புகளில் கோபால்ட், வெயில் பட்ட மண்ணுக்கு எதிரே இருக்கும் சுவர்களின் அடியில் பர்ன்ட் சியன்னா ஒரு துளி. எதிர்ச் சரிவின் வெயில் அங்கே மோதித் திரும்பி வருகிறது. நிழலுக்குள் இருக்கும் இந்தச் சிறு சூடு இல்லாவிட்டால் நிழல் செத்துக்கிடக்கும், இரண்டாம் தாளில் நடந்தது அதுதான். தூரத்து முகடுகளுக்குத் தண்ணீரும் கோபால்ட்டும் கூடிக்கொண்டே போயின.

விளிம்புகளுக்கும் ஒரு கணக்கு உண்டு. சூரியன் புள்ளி இல்லை, அரை டிகிரி அகலமுள்ள தட்டு. மரத்தின் அடியில் நிழல் விளிம்பு வெட்டினாற்போல் இருக்கும். அதே மரத்தின் உச்சி விழுத்தும் நிழல், 10 டிகிரி வெயிலில், நீளவாட்டில் மூன்றரை மீட்டருக்குக் கரைந்திருக்கும். ஆகவே அடியில் காய்ந்த தாளில் கூர்விளிம்பு, நுனியில் ஈரத் தூரிகையால் கரைத்த விளிம்பு. நிழல் தரையில் படுத்திருக்கிறது என்ற உணர்வை இது ஒன்றே பாதி கொடுத்துவிடுகிறது.

5.35-க்குப் பிறகு வெயில் பட்ட பச்சை: நியூ கேம்போஜ் மூன்று பங்கு, பர்ன்ட் சியன்னா ஒரு பங்கு, அல்ட்ராமரைன் அரைப் பங்கு, டோன் 4. அடியிலுள்ள ரா சியன்னா அங்கங்கே திறந்திருக்க விடப்பட்டது. சோலைக்காட்டுக்கு மட்டும் 9. மேற்கு பார்த்த வெள்ளைச் சுவருக்கு முதல் வாஷுக்கு மேல் எதுவும் இல்லை. அது 2-இல் நிற்க, அதன் கூரை 5-க்கு இறங்கியது.

5.45-க்கு வெயில் அறுந்தது, தூரிகையும் நின்றது. அந்த நிமிடத்திலிருந்து பள்ளத்தாக்கு முழுவதும் நீலம். தொடர்ந்து வரைந்தால் கண் பார்ப்பதைக் கை பூசி, வெயில் தாள் மேலேயே அணைந்துவிடும். எதிர் முகடுகளில் மட்டும் நிழல் கீழிருந்து மேலே ஏறிக்கொண்டிருப்பதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாம். அது வேறு படத்துக்கான சரக்கு.

அந்தத் தூரத்து நீலத்துக்கு யூகலிப்டஸ் மரங்களைக் காரணம் சொல்வது ஊட்டியில் வழக்கம். அந்த மரம் இங்கே வந்தது 19-ஆம் நூற்றாண்டில். மலையின் நீலப் பெயரோ 12-ஆம் நூற்றாண்டு ஹொய்சளக் கல்வெட்டிலேயே இருக்கிறது. இடையிலுள்ள காற்றில் ஒளி சிதறுவதுதான் அந்த நீலம். வெயில் வரும் திசையில் பார்த்தால் அதே காற்று வெளுத்துப் பொன்னாக மங்கும். எனவே தாளின் வலப்பக்க முகடுகளுக்குச் சற்றுச் சூடும் இடப்பக்க முகடுகளுக்கு நீலமும் தேவைப்பட்டன. எல்லா முகட்டுக்கும் ஒரே நீலம் பூசுவது சோம்பேறித்தனம்.

மூன்றாம் தாளிலும் மிச்சமிருந்த பிழை

ஹட்டியில் ஒரு வீட்டிலிருந்து விறகுப் புகை நேராக மேலேறிக்கொண்டிருந்தது. அதை ஒரே வெளிர் சாம்பலாகத் துடைத்தெடுத்தது தவறு. நேரில் பார்க்கும்போது கரிய சோலைக்காட்டுக்கு முன்னால் புகை நல்ல நீலமாகத் தெரிந்தது. முகட்டைத் தாண்டி வெளிச்ச வானத்துக்கு முன்னால் போனதும் அதே புகை மங்கிய பழுப்பானது. இருட்டுப் பின்னணியில் நம் கண்ணுக்கு வருவது புகை சிதறடித்த நீலம், வெளிச்சப் பின்னணியில் வருவது நீலம் கழிந்த மிச்ச ஒளி. லியோனார்டோ டா வின்சி தம் குறிப்பேடுகளில் விறகுப் புகையின் இந்த நீலத்தைக் கவனித்து எழுதியிருக்கிறார். சூரியனைப் பொன்னாக்கும் அதே செயல், ஒரு வீட்டு அடுப்பின் மேல் சாண் உயரத்தில் நடக்கிறது. அதைத் தாளில் தவறவிட்டது வருத்தமே.

திருத்தம் மறுநாள் செய்யப்பட்டது. ஈரத் தூரிகையால் சோலைக்கு முன்னுள்ள புகைப் பகுதியை மெதுவாகத் தேய்த்து, டிஷ்யூவால் ஒற்றியெடுத்து, காய்ந்ததும் நீர்த்த கோபால்ட் ஒருமுறை. முகட்டுக்கு மேலே ரா சியன்னாவில் ரோஸ் தொட்டு ஒரே இழுப்பு. அல்ட்ராமரைன் கலவை ஓரளவு எழும்பி வரும், ஆனால் ரோஸ் தாளில் கறையாகப் பிடித்துக்கொள்ளும். அதனால் புகையின் அடியில் லேசான ஊதா தங்கிவிட்டது, அதைப் போக்க முடியவில்லை.

இதே காட்சியை ஏப்ரலில் வரைய நினைப்பவர்களுக்கு: அப்போது சூரியன் மேற்கிலிருந்து 10 டிகிரி வடக்கே தள்ளி இறங்கும். தெற்கு பார்த்து நிற்பவருக்கு வெயில் வலத்தோளுக்குப் பின்னாலிருந்து வரும். நிழல்கள் பொருளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், கொழுந்தில் எதிர்வெயில் இருக்காது, படிநிலத்தின் நீலவரிகள் மெலிந்துவிடும். ஏப்ரலுக்கு வேறு இடம் பார்க்க வேண்டும், மேற்கு நோக்கித் திறந்த பள்ளத்தாக்காக, முகடு 3 டிகிரிக்கு மேல் எழாததாக. பென்சிலும் அளவுகோலும் கொண்டு ஒரு மாலை முன்கூட்டியே போய் அளந்துவிட்டு வருவது நல்லது.